விட்டுவைத்த மீனின் கணக்கு

மீன் விலை ஏறுகிற நாட்களில் சந்தையில் ஒரு வழக்கு கிளம்பும். “கடல்ல இப்ப மீனே கிடையாது, மொத்தத்தையும் அள்ளிட்டாங்க” என்பார் ஒருவர். “இத்தனை பெரிய கடல்ல மீன் தீந்துடுமா?” என்பார் மற்றவர். வழக்கு தீர வேண்டுமானால் சில எண்கள் வேண்டும். மொத்தம் எத்தனை மீன் இருக்கிறது? அதில் எத்தனையைப் பிடிக்கலாம்? எத்தனையை விட்டுவைக்க வேண்டும்? தென்னந்தோப்பில் மரத்தை எண்ணலாம், பட்டியில் ஆட்டை எண்ணலாம். தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் அலைகிற உயிரை யார் எண்ணுவது?

உலகின் பெரும்பாலான மீன்பிடிப் பகுதிகளில் நேரடியாக யாரும் எண்ணுவதில்லை. சோதனைக்கு வலை விட்டுப் பார்ப்பார்கள். பிடிபட்ட மீனின் அளவையும் வயதையும் வைத்துக் கடலில் மீதம் எவ்வளவு என்று மதிப்பிடுவார்கள். ஆனால் ஒரு சில இடங்களில் மீனை உண்மையாகவே கண்ணால் பார்த்து எண்ணுகிறார்கள். அப்படி எண்ணக் கற்றுக்கொண்ட ஒரு கடற்கரையின் கதை இது. அங்கே 140 ஆண்டுகளாக ஆலைகளுக்காக மீன் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். நடுவில் ஒரு முறை தொழில் அழிவின் விளிம்புவரை போனது. பிறகு 2022-ல், பதிவேடுகளில் அதுவரை இல்லாத அளவுக்கு மீன் வந்து குவிந்தது.

ஆறு வாரத் தொழில்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், பெரிங் கடல் நிலத்துக்குள் புகுந்து நிற்கும் இடம் பிரிஸ்டல் வளைகுடா. கரையில் சிற்றூர்கள். பெரிய ஊரான டில்லிங்ஹாமில் ஏறத்தாழ 2,200 பேர். நக்நெக்கில் 500 பேர்கூட இல்லை. அலாஸ்காவின் மற்ற நகரங்களிலிருந்து இங்கே வரச் சாலை கிடையாது. விமானத்தில் வர வேண்டும், இல்லையென்றால் கப்பலில். யூப்பிக், சுக்பியாக், டெனாய்னா என்ற பூர்வகுடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த ஆறுகளின் மீனைப் பிளந்து, காயவைத்து, புகையூட்டி, குளிர்காலத்துக்குச் சேமித்து வாழ்ந்தவர்கள். இன்றும் பல வீடுகளின் பின்புறம் மீனுக்குப் புகையூட்டும் கொட்டகை உண்டு.

இங்கே வரும் மீன் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த சாக்ஐ. சதை செக்கச்செவேலென்று இருப்பதால் தொழிலில் அதற்குச் ‘சிவப்பு’ என்றே பெயர். நாமும் செஞ்சால்மன் என்று சொல்லிக்கொள்வோம். நம் மீன் கடைகளில் இந்தியன் சால்மன் என்ற பெயரில் விற்கும் காலா மீன் வேறு குடும்பம், இதற்கு உறவு கிடையாது. உலகில் செஞ்சால்மன் மிக அதிகமாகத் திரும்பி வருகிற இடம் பிரிஸ்டல் வளைகுடாதான். ஜூன் நடுவில் வரத் தொடங்கும். ஜூலை முதல் வாரத்தையொட்டி உச்சம். ஜூலை முடிவதற்குள் வரத்து பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆண்டு முழுவதற்குமான தொழிலும் வருமானமும் அந்த ஆறேழு வாரங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

படகில் போகிறவர்கள் 150 பாகம் நீளமுள்ள, அதாவது சுமார் 270 மீட்டர் நீளமுள்ள, செவுள் வலையை நீரோட்டத்தில் மிதக்கவிட்டு மீன் பிடிக்கிறார்கள். கண்ணியில் தலையை நுழைத்த மீன் பின்வாங்க முடியாமல் செவுளில் மாட்டிக்கொள்ளும். படகில்லாதவர்கள் கரையில் ஒரு முனையைக் கட்டி வலையைக் கடலுக்குள் நீட்டுகிறார்கள். இந்த வளைகுடாவில் ஓதம் 6 மீட்டருக்கும் மேல் ஏறி வற்றும். மீன் ஓதத்தோடு வரும், வலைக்காரரின் உறக்கமும் ஓதத்தைப் பொறுத்துத்தான்.

பிறந்த இடம் தேடி வருகிற மீன்

இந்த மீனை மட்டும் எண்ண முடிகிறதே, எப்படி? காரணம் அதன் வாழ்க்கையில் இருக்கிறது.

தாய்மீன் ஆற்றிலோ ஓடையிலோ ஏரிக்கரையிலோ கூழாங்கல் தரையை வாலால் பறித்துக் குழி செய்து, மூவாயிரம் நாலாயிரம் முட்டைகளை இட்டு மூடுகிறது. குளிர்காலம் முழுவதும் முட்டை கல்லுக்கடியில் கிடந்து, வசந்தத்தில் குஞ்சு வெளியே வரும். குஞ்சுகள் ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டுகளோ ஏரியில் நுண்ணிய மிதவை உயிரிகளைத் தின்று விரல் நீளம் வளர்கின்றன. பிறகு ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போகின்றன. அங்கே இரண்டு மூன்று ஆண்டுகள் மேய்ந்து, சுமார் இரண்டரை கிலோ எடைக்கு வந்ததும், பிறந்த நீர்நிலையைத் தேடித் திரும்புகின்றன. வீட்டை அடையாளம் காட்டுவது மணம். ஒவ்வோர் ஆற்றுநீருக்கும் அதன் மண்ணும் செடியும் தந்த தனி மணம் உண்டு. குஞ்சுப் பருவத்தில் அதை மனதில் பதித்துக்கொள்கிற மீன் பெரியதாகி வரும்போது அதையே பின்தொடர்கிறது. அமெரிக்க விலங்கியலாளர் ஆர்தர் ஹாஸ்லர் 1950-களில் இந்தக் கருத்தை முன்வைத்தார்.

ஆற்றுக்குள் நுழைந்த மீன் மறுபடி இரை தின்பதில்லை. உடல் சிவந்து, தலை பச்சையாகி, முட்டையிட்டுச் சில நாட்களில் இறந்துவிடும். ஆக, செஞ்சால்மன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வாசல் வழியாக வீட்டுக்கு வருகிறது. பெருங்கடலில் சிதறிக் கிடந்த கூட்டம் தானாகவே குறுகிய ஆற்று வாயில் ஒன்றுகூடுகிறது. எண்ணுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அழிப்பதற்கும் கிடைக்காது, ஆற்று வாயை வலையால் அடைத்துவிட்டால் ஒரு தலைமுறை மீனே உள்ளே போகாமல் நின்றுவிடும்.

பாய்மரமும் டின் ஆலையும்

அப்படி அழியக்கூடிய நிலைமை 1884-ல் தொடங்கியது. அந்த ஆண்டு நுஷகாக் ஆற்றோரம் முதல் மீன் டின் ஆலை வந்தது. கொஞ்ச காலத்திலேயே ஆற்றுக்கு ஆறு ஆலை எழுந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1893-ல் உருவான அலாஸ்கா பேக்கர்ஸ் அசோசியேஷன் என்ற நிறுவனம் பெரிய பாய்மரக் கப்பல்களில் தகரம், உப்பு, வலை, மீனவர், ஆலைத் தொழிலாளர் எல்லாவற்றையும் வசந்தத்தில் ஏற்றிவந்து, இலையுதிர் காலத்தில் டின் பெட்டிகளோடு திரும்பியது. அந்தக் கப்பல்களில் ஒன்றான பல்க்ளூதா இன்றும் சான் பிரான்சிஸ்கோ துறையில் காட்சிக்கு நிற்கிறது. சால்மன் தொழிலில் இருந்தபோது அதன் பெயர் ஸ்டார் ஆஃப் அலாஸ்கா.

மீன் பிடிக்க ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். ஆலைக்குள் வெட்டவும் அடைக்கவும் சீனர்கள், பின்னாளில் ஜப்பானியர், பிலிப்பினோக்கள், மெக்சிகோக்காரர்கள். உள்ளூர்ப் பூர்வகுடிகளுக்கு அவர்கள் ஆற்று மீனைப் பிடிக்கும் வேலையில் நெடுங்காலம் பெரிய இடம் தரப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் வெளியாட்கள் கிடைக்காமல் போனபோதுதான் அவர்களைப் படகுகளுக்கு அதிகமாக எடுத்தார்கள். இடையில் 1919-ல் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் வளைகுடாவுக்குள் வந்து பல ஊர்களைக் காலிசெய்தது. டில்லிங்ஹாம் பக்கத்தில் அநாதை இல்லம் ஒன்றே நடத்த வேண்டிய அளவுக்குப் பிள்ளைகள் பெற்றோரை இழந்தார்கள்.

வளைகுடாவில் மீன்பிடிப் படகுக்கு எஞ்சின் கூடாது என்று விதி இருந்தது. உலகம் முழுக்க எஞ்சின் வந்துவிட்ட பிறகும் இங்கே இரண்டு பேர் பாய் விரித்து, கையால் வலை இழுத்துத் தொழில் செய்தார்கள். 1951-ல்தான் தடை நீங்கியது. படகின் நீளம் 32 அடியைத் தாண்டக் கூடாது என்ற விதி இன்றும் இருக்கிறது. மீன்பாட்டை அடக்கி வைக்கிற முரட்டு வழிகள் இவை: எத்தனை மீன் இருக்கிறது என்று தெரியாதபோது, பிடிக்கிறவரின் கையைப் பாதி கட்டிவைப்பது.

எதில் பாதி?

மீன் குறைவது தெரிந்ததும் அமெரிக்க நாடாளுமன்றம் 1924-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒயிட் சட்டம் என்று அழைக்கப்படும் அது, அலாஸ்காவின் ஆறுகளுக்கு வரும் சால்மனில் குறைந்தது 50 விழுக்காடு வலைக்குத் தப்பி மேலே போக வேண்டும் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உனக்குப் பாதி, ஆற்றுக்குப் பாதி.

சிக்கல் எங்கே என்றால், பிடித்த மீனுக்கு ஆலையில் கணக்கு இருந்தது, தப்பிய மீனுக்குப் பெரும்பாலான ஆறுகளில் கணக்கே இல்லை. சில ஆறுகளில் குறுக்கே வேலி கட்டி எண்ணினார்கள். அகன்ற ஆறுகளில் அது முடியவில்லை. மொத்தம் தெரியாமல் பாதி எப்படித் தெரியும்? சட்டம் இருந்தபடியே மீன் குறைந்துகொண்டு போனது. 1953-ல் அலாஸ்காவின் சால்மன் ஊர்களுக்கு அதிபர் ஐசன்ஹோவர் பேரிடர் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. போருக்குப் பிறகு ஜப்பானியக் கப்பல்கள் நடுக்கடலில் வலைவிரித்துப் பிரிஸ்டல் வளைகுடாவுக்கு வர வேண்டிய மீனில் ஒரு பங்கை முன்னதாகவே எடுத்துக்கொண்டதும் சேர்ந்துகொண்டது. 1973-ல் வளைகுடாவுக்கு வந்த செஞ்சால்மன் மொத்தம் 25 லட்சத்தைக்கூட எட்டவில்லை. சந்தை வழக்கில் ‘மொத்தத்தையும் அள்ளிட்டாங்க’ என்றவர் அந்த ஆண்டு அங்கே இருந்திருந்தால் எதிர்த்துப் பேச ஆள் கிடைத்திருக்காது.

கோபுரத்தின் மேல் ஓர் ஆள்

மீட்சிக்கான விதை அதற்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. டின் ஆலைக்காரர்களே கவலைப்பட்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மீன் ஆய்வாளர்களை 1946-ல் அழைத்துவந்தார்கள். டபிள்யூ. எஃப். தாம்ப்சன் தலைமையில் வந்தவர்கள் டில்லிங்ஹாமுக்கு வடக்கே, வுட் ஆற்றின் ஏரிகளில் முகாமிட்டார்கள். அந்த ஆய்வு இன்றுவரை நிற்கவில்லை.

1950-களில் அங்கே ஒரு முறை பழக்கத்துக்கு வந்தது. மீன் ஆற்றில் எதிர்நீச்சல் போடும்போது நடுவில் உள்ள வேகமான நீரைத் தவிர்த்து, கரையோரமாக, ஒடுங்கிய வரிசையில் போகும். ஏரியிலிருந்து வரும் ஆறுகளில் நீர் கண்ணாடிபோல் தெளிவு. ஆகவே இரு கரையிலும் உயரமான மேடை கட்டி, நீரின் பளபளப்பை வெட்டும் கண்ணாடி அணிந்த ஆள் மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மீனும் தெரியும். இரவில் விளக்கு. நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. ஆகவே மணிக்குப் பத்து நிமிடம் எண்ணி, அதை ஆறால் பெருக்கிக்கொள்கிறார்கள். பத்து நிமிடத்தில் 450 மீன் போனால் அந்த மணிக்கு 2,700. இரு கரைக்கும், இருபத்து நான்கு மணிக்கும் இப்படிக் கூட்டினால் அன்றைய கணக்கு. பெருக்குவதில் பிழை வரும் என்றாலும், ஆறு வாரம் முழுக்கக் கூட்டும்போது ஒரு மணியின் கூடுதலை இன்னொரு மணியின் குறைவு சரிசெய்துவிடுகிறது. நுஷகாக்கைப்போல நீர் கலங்கிய ஆறுகளில் கோபுரம் பயன்படாது. அங்கே ஒலியலையை அனுப்பி, மீன் மீது பட்டுத் திரும்புவதை வைத்து எண்ணுகிறார்கள்.

வலைக்குத் தப்பி ஆற்றுக்குள் போன இந்த மீனுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘விடுமீன்’ என்று வைத்துக்கொள்வோம்: முட்டையிடுவதற்காக விடப்பட்ட மீன். இந்தத் தொழிலின் அறிவியல் முழுவதும் விடுமீன் என்ற ஒரே எண்ணைச் சுற்றித்தான் இயங்குகிறது.

எண்ணியது யாருடைய பிள்ளை என்பதும் தெரிய வேண்டும். அதற்குச் செதில் உதவுகிறது. மீனின் செதிலில் வளர்ச்சி வளையங்கள் உண்டு. கோடையில் வளையங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், குளிரில் நெருக்கம். உருப்பெருக்கியில் பார்த்தால் ஏரியில் எத்தனை ஆண்டு, கடலில் எத்தனை ஆண்டு என்று தனித்தனியாகப் படித்துவிடலாம். அப்படியானால் இன்று திரும்பி வந்த மீன் எந்த ஆண்டின் விடுமீனுக்குப் பிறந்தது என்று சொல்லிவிட முடியும். பெற்றோர் இத்தனை, திரும்பி வந்த பிள்ளைகள் இத்தனை என்று ஆண்டுக்கு ஒரு வரியாகப் பதிவேடு வளர்ந்தது.

எத்தனை பெற்றோர் போதும்?

அந்தப் பதிவேட்டில் ஒரு வியப்பு காத்திருந்தது. பெற்றோர் கூடினால் பிள்ளையும் அதே அளவுக்குக் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். மீன் அப்படி நடந்துகொள்வதில்லை. கனடாவின் மீனியலாளர் பில் ரிக்கர், பிரிட்டிஷ் கொலம்பியாவில் கல்டஸ் ஏரியின் செஞ்சால்மனைப் பல ஆண்டு ஆராய்ந்தவர், 1954-ல் இதற்கு ஒரு பொது வடிவம் கொடுத்தார். சூத்திரம் நமக்கு வேண்டாம். ஒரு கற்பனை ஏரியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. போக்கு ரிக்கர் சொன்னது.

விடுமீன் 2 லட்சம்: திரும்புவது 8 லட்சம். உபரி 6 லட்சம்.
விடுமீன் 5 லட்சம்: திரும்புவது 16 லட்சம். உபரி 11 லட்சம்.
விடுமீன் 10 லட்சம்: திரும்புவது 24 லட்சம். உபரி 14 லட்சம்.
விடுமீன் 16 லட்சம்: திரும்புவது 26 லட்சம். உபரி 10 லட்சம்.
விடுமீன் 25 லட்சம்: திரும்புவது 23 லட்சம். பற்றாக்குறை 2 லட்சம்.

உபரி என்றால், திரும்பி வந்ததில் அதே எண்ணிக்கைப் பெற்றோரை மறுபடி விட்டுவிட்டு நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது.

முதல் வரியில் ஏரி காலியாக இருக்கிறது. இடம் உண்டு, இரை உண்டு. ஒரு பெற்றோருக்கு நான்கு பிள்ளை திரும்புகிறது. கீழே போகப்போக நெருக்கம் வருகிறது. முட்டையிடத் தோதான கல்தரைக்கு எல்லை உண்டு. பிந்தி வரும் தாய்மீன், முந்தி வந்தவள் புதைத்த முட்டைகளைத் தோண்டி வெளியே எறிந்துவிட்டுத் தன் குழியைப் பறிக்கிறது. தப்பிப் பொரித்த குஞ்சுகள் ஏரியில் ஒரே இரைக்குப் போட்டியிடுகின்றன. மெலிந்த குஞ்சு கடலில் பிழைப்பது அரிது. கடைசி வரியில் கூட்டம் அளவு மீறி, பெற்றோரின் எண்ணிக்கைகூடத் திரும்பவில்லை.

மூன்றாவது வரியையும் நான்காவதையும் சேர்த்துப் பாருங்கள். மீன் அதிகம் திரும்புவது 16 லட்சம் விடும்போது. பிடிக்க அதிகம் கிடைப்பதோ 10 லட்சம் விடும்போது. ஆறு நிறைய மீன் வேண்டுமா, வலை நிறைய மீன் வேண்டுமா என்பதற்கு இரு வேறு விடைகள். மீன்பிடி நிர்வாகம் பெரும்பாலும் இரண்டாவதையொட்டிய எண்ணைத் தேர்கிறது. கரடிக்கும் கழுகுக்கும் ஓடையோரத்து மரங்களுக்கும், முட்டையிட்டு இறந்த மீன் கடலிலிருந்து கொண்டுவருகிற சத்து பயன்படுகிறது. அவற்றின் பங்கையும் சேர்த்தால் எண் சற்று மேலே போகும்.

இப்போது 1924-ன் ‘பாதி’ விதியை இந்த ஏரியில் வைத்துப் பார்க்கலாம். ஏதோ ஓர் ஆண்டு கடலில் நல்ல காலம், 40 லட்சம் மீன் வந்துவிட்டது. பாதி விட்டால் 20 லட்சம். ஏரிக்கு நெருக்கடி, மீனவருக்கும் நட்டம். இன்னோர் ஆண்டு 8 லட்சமே வருகிறது. பாதி விட்டால் 4 லட்சம். மெலிந்த ஆண்டில் மேலும் மெலிய வைக்கிறோம். ஏரியின் கல்தரையும் இரையும் ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ அதே அளவுதான். அதற்கு வேண்டியது மொத்தத்தில் ஒரு பங்கு அல்ல, நிலையான ஓர் எண். முதலில் அந்த எண்ணை ஆற்றுக்குள் விடு, மிச்சம் எத்தனை வந்தாலும் பிடி. விதி இப்படித் திரும்பியதும் கேள்வியே மாறிவிட்டது. ‘எவ்வளவு பிடிக்கலாம்’ என்று முன்கூட்டி யாரும் முடிவு செய்வதில்லை. எவ்வளவு விட வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்கிறார்கள்.

கடல் ஆண்டுதோறும் மாறுவதால் உண்மைப் பதிவேட்டின் புள்ளிகள் நம் ஐந்து வரிகளைப்போல ஒழுங்காக நிற்பதில்லை. ஆகவே ஒற்றை எண்ணுக்குப் பதில் ஒரு வரம்பு வைக்கிறார்கள். வுட் ஆற்றுக்கு 7 லட்சம் முதல் 18 லட்சம் வரை. அலாஸ்காவின் மிகப் பெரிய ஏரியான இலியம்னாவிலிருந்து வரும் குவிசாக் ஆற்றுக்கு 20 லட்சம் முதல் 1 கோடி வரை. ஒவ்வோர் ஆற்றுக்கும் அதன் ஏரிக்குத் தகுந்த கணக்கு.

வானொலியில் வரும் அனுமதி

விதியைக் காகிதத்தில் எழுதுவது எளிது. ஆறே வாரத்தில் லட்சக்கணக்கில் வந்து கடந்துபோகிற மீனின் மேல் அதைப் பொருத்துவதுதான் கடினம்.

அலாஸ்கா மாநில மீன்வளத் துறையின் உயிரியலாளர் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாக இருக்கிறார். காலையில் கோபுரத்தின் எண் வருகிறது. படகுகளின் மீன்பாட்டுக் கணக்கு வருகிறது. மீன் வளைகுடாவுக்குள் நுழைவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு கடக்கிற போர்ட் மோலர் பக்கத்தில், சோதனைப் படகுகள் வலைவிட்டு வரவைக் கணிக்கின்றன. அந்த மீனின் மரபணுவைப் பார்த்து எந்த ஆற்றுக்குப் போகிற கூட்டம் என்றும் சில நாட்களில் சொல்லிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் பார்த்து அவர் முடிவெடுக்கிறார்: விடுமீன் கணக்கு பின்தங்கியிருந்தால் படகுகள் கரையில் நிற்க வேண்டும், முந்திவிட்டால் பகலும் இரவும் திறந்து விடலாம். டில்லிங்ஹாமின் கே.டி.எல்.ஜி. வானொலி அந்த அறிவிப்பை ஒலிபரப்பும். படகிலும் கரைக் குடிசையிலும் எல்லோரும் அந்த நேரத்துக்குக் காது கொடுத்து நிற்பார்கள்.

கண்ணெதிரே மீன் துள்ளிக்கொண்டு போக, வலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பது மீனவருக்குப் பெரிய சோதனை. ஆனால் அந்த உயிரியலாளருக்கு இத்தனை மீன் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற இலக்கு கிடையாது. ஆற்றுக்குள் போக வேண்டிய எண் நிறைவேறியதா என்பதே அவருக்கான அளவுகோல். இந்த முறை 1959-ல் அலாஸ்கா மாநிலமானபின் உறுதிப்பட்டது. 1976-ன் சட்டம் கரையிலிருந்து 200 கடல்மைல் வரையுள்ள மீன்பிடியை அமெரிக்காவின் பொறுப்பில் கொண்டுவந்தது. நடுக்கடலில் வழிமறித்தவர்களின் பங்கும் சுருங்கியது. 1973-ல் 25 லட்சத்துக்குக் கீழே கிடந்த வரவு சில ஆண்டுகளில் கோடிகளுக்குத் திரும்பியது.

பல ஓடைகள், ஒரே வளைகுடா

எண்ணி விட்டது மட்டும் போதுமானதாக இருந்திருக்காது. இன்னொரு பாதுகாப்பு மனிதர் யாரும் திட்டமிடாமல் அமைந்திருந்தது.

வளைகுடாவில் ஒன்பது பெரிய ஆறுகள். ஒவ்வொன்றின் மேலும் ஏரிகள், ஏரிக்குப் பாயும் ஓடைகள். மீன் பிறந்த இடத்துக்கே திரும்புவதால் ஒவ்வோர் ஓடையும் தனக்கென ஒரு குலத்தை வளர்த்திருக்கிறது. ஆழமில்லாத ஓடையில் முட்டையிடுபவை ஒல்லியானவை; முதுகு உயர்ந்தால் நீருக்கு மேலே தெரியும், கரடி பிடித்துவிடும். ஏரிக்கரையில் முட்டையிடும் ஆண்மீன்களுக்கு முதுகு உயர்ந்து திமிலாக நிற்கும். சில முன்னால் வரும், சில பின்னால். சில ஏரியில் ஓராண்டு தங்கும், சில இரண்டாண்டு. ஒரு கொடிய குளிர்காலம் ஒரு குலத்தை வாட்டும்போது இன்னொன்று தப்பிவிடுகிறது. வானம் பார்த்த பூமியில் கேழ்வரகோடு துவரையும் மொச்சையும் கலந்து விதைக்கிறவருக்கு ஒரு மழை தவறினாலும் ஏதோ ஒன்று வீட்டுக்கு வரும். வளைகுடாவுக்கு இயற்கையே அப்படி விதைத்துக் கொடுத்திருக்கிறது.

பதிவேடு இதைக் காட்டுகிறது. ஒரு காலத்தில் குவிசாக் ஆறே வளைகுடாவைத் தாங்கியது. அப்போது எகெகிக் ஆற்றின் பங்கு அற்பம். 1990-களின் பிற்பாதியில் குவிசாக் சரிந்தபோது எகெகிக் தூக்கிப் பிடித்தது. அண்மை ஆண்டுகளில் நுஷகாக் பகுதி முன்னே வந்துவிட்டது. டேனியல் ஷிண்ட்லரும் உடன் ஆய்வாளர்களும் 2010-ல் நேச்சர் இதழில் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். பல குலங்கள் இல்லாமல் எல்லாம் ஒரே இனக்கூட்டமாக இருந்திருந்தால், வரவின் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்திருக்கும். மீன்பிடியை மூட வேண்டிய ஆண்டுகள் பத்து மடங்கு அதிகமாகியிருக்கும்.

இதை அறிந்தபின் ‘இந்தச் சின்ன ஓடை போனால் என்ன’ என்ற கேள்விக்கு வேறு விடை கிடைக்கிறது. இன்று மீன் குறைவாக உள்ள ஓடை நாளைக்கு வளைகுடாவைக் காப்பாற்றப் போவதாக இருக்கலாம். நுஷகாக், குவிசாக் ஆறுகளின் தலைமடையில் செம்பும் தங்கமும் எடுக்க முன்வைக்கப்பட்ட பெபிள் சுரங்கத் திட்டத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 ஜனவரியில் தடுத்தது. அந்த விவாதத்தில் ஓடைகளின் இந்தப் பங்கு முக்கியமான வாதமாக இருந்தது.

மீன் நிலைத்தது, ஊர்?

2022-ல் பிரிஸ்டல் வளைகுடாவுக்கு வந்த செஞ்சால்மன் 7 கோடியே 90 லட்சம். அதில் 6 கோடி பிடிபட்டது. விடுமீன் கணக்குக்கும் குறையில்லை. வெப்பமாகிவரும் ஏரிகளில் குஞ்சுகள் வேகமாக வளர்வதும் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதே ஆண்டு, வடக்கே யூக்கான் ஆற்றில் வேறு சால்மன் இனங்கள் மிகக் குறைந்து, ஊர்க்காரர்கள் சாப்பாட்டுக்குப் பிடிப்பதுகூட நிறுத்தப்பட்டது. ஒரே கடல் ஓர் இனத்துக்குக் கொடுப்பதை இன்னோர் இனத்திடமிருந்து எடுத்துவிடலாம். விடுமீனைச் சரியாக எண்ணுவது அவசியம். கடல் கைவிட்டால் அது மட்டும் காப்பாற்றாது.

மீன் குவிந்தால் பணம் குவியும் என்றும் சொல்ல முடியாது. 1988-ல் மீனவருக்குப் பவுண்டுக்கு 2 டாலருக்கு மேல் கிடைத்தது. நார்வேயும் சிலியும் பண்ணை சால்மனை ஆண்டு முழுவதும் சந்தைக்கு அனுப்பத் தொடங்கியபின் 2001-ல் அரை டாலர்கூட இல்லை. டின் ஆலைகள் மூடிக்கொண்டு போயின. நக்நெக் ஆற்றின் தென்கரையில் நூறாண்டுக்கு மேல் ஓடிய டயமண்ட் என்.என். ஆலை 2015-ல் நின்று, இப்போது வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இருக்கிறது. மீனைக் குளிரூட்டிய கடல்நீரில் வைத்துக் கெடாமல் கொண்டுவந்து, உறையவைத்து விற்கிற முறைக்குத் தொழில் மாறியது. 2022-ல் அடிப்படை விலை 1.15 டாலருக்கு ஏறியது. அடுத்த ஆண்டே 50 சென்ட். அந்த ஜூலையில் மீனவர்கள் நக்நெக் ஆற்றில் படகுகளைத் திரட்டி எதிர்ப்புக் காட்டினார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் உரிமத்தில் நடந்தது. படகுகள் பெருகிவிடாமல் தடுக்க 1973-ல் சட்டம் வந்து, 1975 முதல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் மீன்பிடி உரிமம் வழங்கப்பட்டது. மீனைக் காப்பதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் உரிமத்தை விற்கலாம், வாங்கலாம், வாரிசுக்குக் கொடுக்கலாம். விலை சரிந்த ஆண்டுகளில் கையில் காசில்லாத ஊர்க்காரர் விற்றார். பிழைப்புத் தேடி நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு போனார். விற்றதைத் திரும்ப வாங்கப் பெருந்தொகை வேண்டும். வளைகுடாவின் ஊர்களில் வசிப்பவர்கள் கையிலிருந்த உரிமங்கள் இந்த அரை நூற்றாண்டில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டன. ஜூன் மாதம் விமானத்தில் வந்து, ஜூலை முடிய வலையைக் கட்டிவைத்துவிட்டுப் போகிறவர்களிடம் அவை சேர்ந்திருக்கின்றன.

சந்தை வழக்குக்கு இந்த வளைகுடா தருகிற விடை இது. மீன் தீரும், 1973 அதைக் காட்டியது. தீராமலும் பிடிக்கலாம், அதற்குப் பிந்திய ஐம்பது ஆண்டுகள் அதைக் காட்டின. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, பிடித்ததை எண்ணுவதற்கும் விட்டதை எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு.

ரிக்கரின் கணக்கு சொல்லாத ஒன்றும் இருக்கிறது. உபரி 14 லட்சம் என்று அது சொல்லும். அந்த 14 லட்சம் யார் வலையில் விழ வேண்டும் என்று சொல்லாது. ஆற்றுக்கு எத்தனை மீன் என்று வரம்பு வைத்ததைப்போல, ஆற்றங்கரை ஊருக்கு எத்தனை உரிமம் என்று யாரும் வரம்பு வைக்கவில்லை. மீனைப்போல உரிமம் தானாகத் திரும்பி வருவதும் இல்லை. உரிமம் வாங்க உள்ளூர் இளைஞர்களுக்குக் கடனுதவி தரும் திட்டங்களை வட்டார வளர்ச்சி அமைப்பு நடத்துகிறது. ஊரைவிட்டு உரிமம் வெளியேறாமல் சட்டத்தைத் திருத்தலாமா என்ற பேச்சும் நடக்கிறது. மீனுக்கான எண்ணைக் கண்டுபிடிக்க கோபுரமும், செதிலும், முப்பது நாற்பது ஆண்டுப் பதிவேடும் தேவைப்பட்டன. ஊருக்கான எண்ணைக் கண்டுபிடிக்க அவ்வளவு காலம் தேவையில்லை. எத்தனை உரிமம் யார் கையில் இருக்கிறது என்ற பட்டியல் அரசிடமே இருக்கிறது. எத்தனை இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் பாக்கி.